நாலாம் வளைவு மாப்பிள்ளை

கண்களை மூடிக்கொண்டு மெல்ல இடது பக்கம் சாய்கிறார். மூச்சைப் பிடித்தபடி அப்படியே கொஞ்ச நேரம் இருக்கிறார். பிறகு நிமிர்ந்து, வலது பக்கம். கழுத்து அசையவில்லை, இடுப்புக்கு மேல் உடம்பு முழுவதும் ஒரே துண்டாகச் சாய்கிறது. இடது கை ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கிறது. நெற்றியில் வேர்வை அரும்புகிறது. இத்தனைக்கும் வண்டி ஓடவில்லை. கடை வாசலில், இன்ஜின் அணைத்து, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

"என்ன மாஸ்டர், குஷன் சரியா உக்காந்திருக்கா?" என்று வண்டிக்குச் சொந்தக்காரர் கண்ணாடியைத் தட்டிக் கேட்கிறார்.

"இருங்க சார், இன்னும் ஒரு வளைவு பாக்கி இருக்கு."

வண்டிக்காரர் சிரிக்கிறார். வேலையில் இவ்வளவு அக்கறையா என்று அவருக்கு மகிழ்ச்சி. மாஸ்டர் கடைசி வளைவையும் முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, தரையில் கால் பட்டதும் பெருமூச்சு விடுகிறார். நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து இவ்வளவு நிம்மதியாக இறங்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாஸ்டருக்குத் தொழில் கார்களுக்கு சீட் கவர் தைப்பது. தெருமுனையில் ஷட்டர் போட்ட கடை. உள்ளே ஒரு பக்கம் ரெக்சின் ரோல்கள், இன்னொரு பக்கம் ஃபோம் அடுக்கு, நடுவில் தடித்த ஊசி மாட்டிய தையல் மெஷின். பசை வாசனை தெருவின் பாதி வரை வரும். கழற்றிய சீட்டுகள் வாசலில் வரிசையாக இருக்கும். டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி அவை பேசாமல் காத்திருக்கும். ஒரு சீட்டைப் பார்த்தாலே அந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவார். "இந்த ஓரத்துல உக்கார்ற பாட்டிம்மா பிடிச்சுப் பிடிச்சு எறங்குவாங்க, பாருங்க எப்படி இழுபட்டிருக்குன்னு." "இந்த வீட்டுல ரெண்டாவது புள்ளைக்கு ஜன்னலே கொடுக்க மாட்டாங்க போல, நடு சீட்டு பூரா பென்சில் குத்தல்." சீட்டுக்கு அடியில் கிடைக்கும் பொருட்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். ஹேர் கிளிப், ஒற்றைக் கம்மல், பேனா மூடி, ஒரு பால் பல். எவராவது வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று. கம்மலைக் கேட்டு ஒருவர் வந்ததுண்டு. பல்லைத் தேடி இன்னும் ஆள் வரவில்லை.

ஊரார் உட்கார்வதற்கென்றே உழைக்கிற இந்த மனிதருக்கு உட்கார வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். சாப்பாடு நின்றுகொண்டு, டீ நடந்துகொண்டு. முடிவெட்டப் போனால் கடைக்காரர் மூன்று தடவையாவது தலையைப் பிடித்து நேராக வைக்க வேண்டும். சினிமாவுக்குப் போனால் வாசல் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்ப்பார். மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் பின்வரிசைக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். ஒரு தடவை புதிதாக வந்த டீச்சர் அவரைக் காவலாளி என்று நினைத்துத் தண்ணீர் கேன் எடுத்து வரச் சொல்லிவிட்டார். மாஸ்டரும் எடுத்து வந்து வைத்தார். வேலை கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

தையல் மெஷின் முன்னால் மட்டும் உட்காருவார். அங்கேயும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மெஷின் மோட்டாரில் ஓடுகிறது, காலை ஒரு அழுத்து அழுத்தினால் போதும் என்பது அந்தக் காலுக்கு இன்னும் எட்டவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை. காரில் மலைக்குப் போக வேண்டும். அதுவும் சாதாரணப் பயணம் அல்ல. அடிவாரத்தில் விடியற்காலையில் கிளம்பி, காட்டு வழியாக ஏறி, அருவிப் பாலத்தில் நின்று, தேயிலைச் சரிவுகளைச் சுற்றிக்கொண்டு, உச்சியில் இருக்கும் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கி, அந்தப் பக்கச் சாலை வழியாக இறங்குகிற முழுச் சுற்று. அந்த மலையை அவர் கரைத்துக் குடித்தவர். எந்த வளைவில் லாரிகள் ஒதுங்க இடம் உண்டு, எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், எங்கே குரங்குகள் கண்ணாடிக்குள் கை விடும், பனி இறங்கினால் எந்த இடத்தில் எதிர் வண்டி தெரியாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சுற்றுலா போய்விட்டு வந்த எந்த வண்டி கடைக்கு வந்தாலும் வண்டிக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர் ஆரம்பித்துவிடுவார்.

"அருவிப் பாலத்துக்கிட்ட ரோடு போட்டுட்டாங்களா? அந்த ரெட்டை வளைவுக்கு மேல பூண்டுக்கடை ஒண்ணு இருக்குமே, இருக்கா? ஏறும்போது ஏசி போட்டீங்களா, ஜன்னலைத் திறந்தீங்களா?" கடைசியில், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "யாருக்காவது வாந்தி வந்துச்சா?"

வந்தது என்றால் எத்தனையாவது வளைவில், எந்த சீட்டில், முதல் நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு விசாரணையே நடக்கும். வந்தவர்கள் மிரண்டு போய் நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.

கேட்டதையெல்லாம் வரைந்து வைத்திருந்தார். பழைய ஆர்டரில் மிஞ்சிய ஒரு பெரிய ரெக்சின் துண்டு, மேல் பக்கம் பழுப்பு நிறம், அடிப்பக்கம் வெள்ளைத் துணி. அந்த வெள்ளையில் பால்பாயிண்ட் பேனாவால் மலைச்சாலை முழுவதும் ஏறியது. வளைவுக்கு வளைவு எண், கடைக்கு ஒரு கட்டம், பாலத்துக்கு இரண்டு கோடு, ஏரிக்கு நீலத்தில் ஒரு வட்டம். மாறினால் அடித்துத் திருத்துவார். மெஷினுக்கு எதிர்ச் சுவரில் அதை இரண்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அரசாங்கத்தில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் நெடுஞ்சாலைத் துறையில் கூப்பிட்டு வேலை கொடுத்திருப்பார்கள்.

இவ்வளவு தெரிந்தவர் அந்த மலையில் நான்காவது வளைவைத் தாண்டியதில்லை.

அது கல்யாணமான புதிது. புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் மாமனார் வீட்டார் பஸ்ஸில் மலைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். புது மாப்பிள்ளை என்பதால் நல்ல சீட்டாகப் பார்த்து மாமனார் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்தச் சீட்டே வினையாகிவிட்டது. முதல் வளைவில் மாப்பிள்ளை பேச்சை நிறுத்தினார். இரண்டாவதில் கண்ணை மூடினார். மூன்றாவதில் மாமனார் அக்கறையாக, "என்ன மாப்பிள்ளை, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று முகத்தருகே குனிந்து கேட்டார். நான்காவதில் மாமனாருடைய புதுச் சட்டை பாழாகிவிட்டது. பஸ்ஸை நிறுத்தி மாமனாரையும் மாப்பிள்ளையையும் இறக்கி, பெண்ணும் கூட இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் மேலே போய் ஏரியில் படகில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து மாமனார் வீட்டில் அவருக்கு 'நாலாம் வளைவு மாப்பிள்ளை' என்று பெயர். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், பெயர் போகவில்லை. குடும்பத்தில் யார் கூடினாலும் அந்தக் கதை ஒரு தடவை சொல்லப்படும். அப்போதெல்லாம் மாஸ்டர் தண்ணீர் எடுத்து வரப் போவது போல எழுந்து போய்விடுவார்.

அவர் மனைவி மட்டும் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நிதானமான கை. கணவர் வீட்டுக்குள் சுற்றுகிற சுற்றில் அவள் ஒருத்திதான் ஒரே இடத்தில் இருப்பாள், காற்றாடி நடுவில் இருக்கிற திருகு மாதிரி. உச்சியில் இருக்கும் அந்த ஏரியை அவளும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதும் குறைவு. வருஷத்துக்கு ஒரு தடவை, லீவு எழுதிக் கொடுக்கிற நேரத்தில், "இந்தத் தடவை போலாமா?" என்பாள். மாஸ்டர் உடனே உற்சாகமாகிவிடுவார். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளை இரண்டு முன்னால் இரண்டு பின்னால் என்று கூடத்தில் போட்டு, யார் எங்கே உட்காருவது, தண்ணீர் பாட்டில் எங்கே, எலுமிச்சை யார் கையில் என்று ஒத்திகை பார்ப்பார். மகள் பின் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா, இன்னும் எவ்வளவு நேரம் இப்படி உக்காரணும்?" என்று கேட்பாள். "அருவி வந்துடுச்சு, எறங்கிக்கோ" என்பார்.

ஆனால் தேதி நெருங்கும்போது மலையில் ஏதாவது ஒன்று நேர்ந்துவிடும். மழை சீக்கிரம் தொடங்கிவிட்டது. பனி. மண்சரிவு. சீசன் கூட்டம். "இந்த நேரத்துல போறவன் முட்டாள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நாற்காலிகளை மேஜைக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். அவர் சொல்கிற நொண்டிச் சாக்குகளை வைத்துப் பார்த்தால் அந்த மலைக்கு வருஷத்தில் நல்ல நாளே கிடையாது.

இந்த வருஷம் மனைவி 'போலாமா' என்று கேட்கவில்லை. "போகணும்" என்றாள். மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் விடுதிக்குப் போய்விடுவாள். "அப்புறம் அவளுக்கு லீவு இருக்கிறப்ப எனக்கு இருக்காது. எனக்கு இருக்கிறப்ப உங்களுக்கு மழை பெய்யும். மூணு பேருமா ஒரு தடவை. அவ போறதுக்கு முன்னாடி. அவ்வளவுதான் கேக்கிறேன்."

மாஸ்டர் தலையாட்டினார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியிலும் ஏறி வளைவுப் பயிற்சி. ஒருவர் இஞ்சி மெல்லச் சொன்னார், மென்றார். இன்னொருவர் வயிற்றில் செய்தித்தாள் கட்டிக்கொண்டால் குமட்டாது என்றார், ஒரு வாரம் சட்டைக்குள் சரசரவென்று சத்தத்தோடு வேலை பார்த்தார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, நின்றுகொண்டிருக்கிற வண்டியிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, பகல் முழுக்க ஃபோம் அடுக்கின் மேல் தூங்கி விழுந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சகலை வந்து சேர்ந்தார்.

சகலை என்றால் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வாயில் எப்போதும் சிரிப்பு, கையில் எப்போதும் சாவிக்கொத்து. பஸ்ஸில் நடந்த கதையின்போது அவர் அந்தக் குடும்பத்திலேயே இல்லை. ஆனாலும் அதை அவர் சொல்வது போல நேரில் பார்த்தவர்களால் சொல்ல முடியாது. மூன்று வரிசை சீட் போட்ட பெரிய வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே மாஸ்டர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சகல! சீட் கவர் பூரா மாத்தணும். பழுப்புக் கலர். அடுத்த ஞாயிறு மலைக்குக் கிளம்புறோம். எல்லாருமா போலாம், இடம் தாராளமா இருக்கு."

மாஸ்டர் வண்டியைச் சுற்றி வந்தார். "அடுத்த வாரமா? மேல பனி எறங்கியிருக்கும். அதோட கடையைப் பூட்ட முடியாது, சீசன் ஆர்டர் நெறைய..."

"அட, முழுசா வர வேண்டாம் சகல. நாலு வளைவு வரைக்கும் வாங்க, போதும். அதுக்கப்புறம் நாங்க பாத்துக்கிறோம்."

கூட வந்திருந்த தங்கை சிரித்தாள். மகளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மாஸ்டரும் சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. தண்ணீர் கொண்டுவர அவர் உள்ளே திரும்பியபோது பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

"நானும் பொண்ணும் வர்றோம் மாப்பிள்ளை."

மாஸ்டர் நின்றார். அவள் அவரைப் பார்த்தே சொன்னாள், கோபமில்லாமல்: "நீங்க உங்க வசதி எப்படின்னு பாத்துக்கோங்க. நான் இந்தத் தடவை போறேன்."

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகச் சுவரில் இருந்த மலையைக் கழற்றினார். ஆணி இரண்டும் தெறித்து விழுந்தன. அதைச் சுருட்டி, மற்ற ரோல்களோடு ரோலாக அடுக்கில் திணித்தார். கண்ணில் படக்கூடாது. அந்த வாரம் அவருடன் யாராலும் பேச முடியவில்லை. டீக்கடையில் வைத்த டீயைக் குடிக்காமல் காசு கொடுத்துவிட்டு வந்தார். அளவெடுத்த சீட்டையே மறுபடி அளவெடுத்தார். மனைவி இல்லாத வீட்டில் அந்த இரண்டு நாளும் என்ன செய்வது என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து தெருவில் நடந்துவிட்டு வந்தார். அவளுடைய ஏரியை அவள் இன்னொருத்தர் வண்டியில் போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து, அவர் மனம் நோகக் கூடாதென்று அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கோபம் இருந்தாலும் வேலையில் அவர் குறை வைக்க மாட்டார். சகலை வண்டிதான், ஆனால் அதில் உட்காரப் போவது அவள். நடு வரிசை ஜன்னலோரத்துக்கு ஃபோம் ஒரு படி கூடுதலாக வைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் முன் சீட்டுகளுக்கு வந்தபோது பழுப்பு ரெக்சின் தீர்ந்துவிட்டது. மொத்தக் கடைக்குப் போன் செய்தால், "அந்தக் கலரே நின்னு போச்சு மாஸ்டர்" என்றார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரோல் அடுக்கைக் கலைத்துத் தேடினார். அடியில் ஒரு பழுப்பு ரோல் கிடைத்தது. அதே நிறம். அவசரத்தில் அளவுக்கு வெட்டிய அட்டையை மேல் பக்கமே வைத்து வரைந்து வெட்டுவது அவர் வழக்கம். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. வெட்டினார். கத்தரிக்கோல் கடகடவென்று ஓடியது. வெட்டிய துண்டுகளை ஜோடி சேர்த்து, மெஷினில் கொடுத்து, கால் ஆட்டியபடி தைத்து முடித்து, தையல் சரியா என்று பார்க்க உட்பக்கத்தைத் திருப்பினார்.

அருவிப் பாலம் தெரிந்தது.

வேலை முடிந்து அந்த வழியாக வந்த மனைவி உள்ளே நுழைந்தபோது, மாஸ்டர் இரண்டு கவர்களையும் பனியன் மாதிரி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு கடை நடுவே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு?"

"மலையை வெட்டிட்டேன்."

அவள் பையை வைத்துவிட்டு ஒரு கவரை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். டிரைவர் சீட்டின் முதுகில் தேயிலைச் சரிவும் பாதி ஏரியும் இருந்தன. மீதி ஏரி தலைவைக்கிற மேட்டுக்குப் போயிருந்தது. அடிவாரம் முழுவதும் பக்கத்து சீட்டில். பூண்டுக்கடை தலைகீழாக நின்றது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிக்காத. எத்தனை வருஷமா வரைஞ்சது தெரியுமா? பிரிச்சுடறேன். வேற கலர் போட்டுத் தர்றேன்னு உன் மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு."

"எதுக்குப் பிரிக்கணும்? அழகா இருக்கு. ரோடு நம்ம கூடவே வருதுல்ல." பிறகு அவள் விரல் தையலோடு தேடியது. "ரெண்டு இருக்கு. மூணு இருக்கு. அடுத்தது அஞ்சு போட்டிருக்கு. நாலாவது எங்க?"

அவரும் எட்டிப் பார்த்தார். இந்தக் கவரில் இல்லை, அந்தக் கவரிலும் இல்லை. இருவரும் குனிந்து மெஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத் துண்டுகளைக் கிளறினார்கள். அவள்தான் எடுத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு. ஒரு கோடு வளைந்து திரும்புகிறது. பக்கத்தில் எண் மட்டும். மற்ற வளைவுகளுக்கெல்லாம் கடை, மரம், கல் என்று ஏதாவது குறித்திருந்தார். இதற்கு எதுவும் எழுதவில்லை.

"வெட்டுல போயிடுச்சு" என்றாள். "அப்ப மூணாவதுலேருந்து நேரா அஞ்சாவதுக்குப் போயிடலாம்."

அவர் சிரிக்கவில்லை. கவர்களைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கடைக்குள் சுவருக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கினார். பனி என்று ஆரம்பித்தார், சீசன் ஆர்டர் என்றார், சகலை ஓட்டுகிற வேகத்துக்கு இந்த வண்டி தாங்காது என்றார். அவள் ஃபோம் அடுக்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் எடுக்க வர்றவங்கள்ல யார் பயப்படுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா?" என்றாள் கடைசியில். "நெறையப் பேசுவாங்க. ஊசியைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாங்க. நான் பேசவிட்டுட்டு, பேச்சு பாதியில இருக்கும்போதே எடுத்துடுவேன்."

மாஸ்டர் நின்றார்.

"மறுபடி வந்துட்டா?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. "எல்லார் முன்னாடியும். பொண்ணு முன்னாடி."

"வந்தா வரட்டும். தினம் பாதி ஊர் ரத்தத்தைப் பாக்கிறவ நான். உங்க வாந்திக்கா பயப்படப் போறேன்?" அவள் அந்தத் துண்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லாமத் திரும்பி வந்துட்டேன். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு. அது தப்பு. கொஞ்ச நேரம் ரோட்டோரமா உக்காந்துட்டு, அடுத்த பஸ்ல மேல போலாம்னு சொல்லியிருக்கணும். இத்தனை வருஷமா அந்த வளைவுலேயே நின்னுட்டு இருக்கீங்க. நானும் கூடவே நிக்கிறேன். எனக்குக் கால் வலிக்குது."

பிறகு எழுந்து, அந்தத் துண்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டாள். மாஸ்டர் கொஞ்ச நேரம் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கலாமா என்று கைகூடப் போனது. அப்புறம் கவர்களைச் சீட்டில் மாட்ட ஆரம்பித்தார். பக்கத்து சீட்டின் கதவுப் பக்கமாக, ஆழமான பை ஒன்றை ஆர்டரில் இல்லாமலேயே சேர்த்துத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டி வாசலுக்கு வந்தது. சகலை இறங்கி, மூட்டைகளை அடுக்கி, ஆட்களையும் அவரே அடுக்கினார். தங்கை முன் சீட்டில். அக்காவும் மகளும் நடு வரிசையில். மாஸ்டர் வாசற்படியில் சட்டையை மாட்டிக்கொண்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தார். வருகிறாரா, வழியனுப்ப நிற்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மனைவி நடு வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை.

"வர்றீங்களா சகல?" என்று தெருவே கேட்கும்படி சத்தம் கொடுத்தார் சகலை. "வந்தா கடைசி வரிசைதான். டிக்கி பக்கத்துல இருக்கும், உங்களுக்கும் வசதி, எங்க சட்டைக்கும் வசதி."

எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார். மாஸ்டர் கதவைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நேராக வண்டியின் முன் கதவுக்கு வந்து, தங்கையிடம் சொன்னார். அவரும் தெருவுக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

"ஏம்மா, எனக்கு வளைவுல வாந்தி வரும். பின்னாடி உக்காந்தா நிச்சயம் வரும். முன்னாடி உக்காந்தாலும் வரலாம். இந்த சீட்டை எனக்குக் கொடு."

சகலை வாயைத் திறந்தார். அந்த வாயில் வழக்கமாக வருகிற ஒன்றும் வரவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மாஸ்டரே சொல்லிவிட்டார். "வாங்க மாமா, உக்காருங்க" என்று தங்கை இறங்கிப் பின்னால் போய் ஏறிக்கொண்டாள். சகலை சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவிக்கொத்தில் சாவியைத் தேடினார்.

மாஸ்டர் ஏறினார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். இரண்டு எலுமிச்சம்பழங்களையும் ஒரு கட்டு காகிதப் பைகளையும் கதவோரப் பையில் போட்டார். முதுகைச் சீட்டில் முழுதாகச் சாய்த்தார். அடிவாரம் அவருடைய முதுகுக்குக் கீழே எங்கேயோ இருந்தது. அவர் கால் ஆடியது, பிறகு நின்றது. நேரே வெறும் தெரு. மலை இன்னும் அரை நாள் தூரத்தில் இருந்தது, சகலைக்கு இன்னும் சாவி கிடைக்கவில்லை. மாஸ்டர் கண்களை மூடினார். இடது கையால் மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல இடது பக்கம் சாய்ந்தார்.

அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியும், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அதே பக்கம் சாய்ந்தாள்.